களஞ்சியத் தளத்துக்கு மருந்தூட்டிய மரம்: அடுக்கி உலர்த்தும் முறை

(கடுகண்ணாவைக் கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



அறுத்த நெல்லை ஈரத்தோடு மூடையிற் கட்டுபவர் நம்முள் எவருமிலர். வயலிலிருந்து வரும் நெல்லில் நூற்றுக்கு 20 முதல் 25 வீதம் வரை ஈரம் உண்டு. அதனை முற்றத்திற் பரப்பிக் கிளறுகின்றோம். வானம் இருண்டால் குவித்து மூடுகின்றோம். வெயில் வந்ததும் மீண்டும் பரப்புகின்றோம். ஈரம் நூற்றுக்கு 14 வீதத்துக்கு இறங்கிய பின்னரே களஞ்சியத்துக்குக் கொண்டுபோகின்றோம். விதைநெல்லாயின் 13 வீதம் வரை உலர்த்துகின்றோம். மணியைப் பல்லில் வைத்துக் கடித்து, அது நறுக்கென்று முறிகின்றதா என்று பார்த்து ஈரத்தை அறியும் பழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு.

இத்துணைக் கவனத்தோடு உலர்த்திய நெல்லை எதன்மீது வைக்கின்றோம் என்பதையே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். நிலத்திலிருந்து உயர்த்திய பலகைத் தளமே மூடைகளுக்கு ஏற்றது என்பதில் ஐயமில்லை. கறையான் அரிக்காதிருக்கவும், பலகை உளுத்துப் போகாதிருக்கவும், மருந்தூட்டிய மரத்தை வாங்கிப் பயன்படுத்துவதும் நன்றே. ஆனால் மரக்காலையிலிருந்து லொறியில் வந்திறங்கிய பலகையை மறுநாளே தச்சாசாரியாரைக் கொண்டு ஆணி அடிக்கும் வழக்கம் பரவி வருகின்றது. ஈர நெல்லைக் களஞ்சியத்தில் இடாத நாம், ஈரப் பலகையைக் களஞ்சியத்துக்குத் தளமாக இடலாமா?

மருந்து கறையானைத் தடுக்கும், உளுவைத் தடுக்கும், உக்கலைத் தடுக்கும். ஈரத்தை மட்டும் அது அகற்றாது. ஈரத்தை அகற்றுபவை காற்றும் காலமுமே. அவை இரண்டும் தம் வேலையைச் செய்வதற்கு வழி அமைத்துக் கொடுப்பது நமது கடமை.

மருந்தூட்டிய மரம் ஈரமாயிருப்பது ஏன்?

மரத்துக்கு மருந்தூட்டும் ஆலைகளில் பெரிய இரும்பு உருளை ஒன்று உண்டு. பலகைகளை அதனுள் அடுக்கிக் கதவை இறுக மூடுவர். முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பர். பின்னர் மருந்துக் கரைசலைப் பாய்ச்சி, பேரமுக்கம் கொடுத்து மரத்தினுள் அதனைச் செலுத்துவர். மருந்து என்பது உப்பு. அதனை மரத்தினுள்ளே கொண்டு செல்லும் வாகனம் தண்ணீரே. பைனஸ் போன்ற மென்மரம் ஒரு கன மீற்றருக்குச் சில நூறு லீற்றர் கரைசலை உள்வாங்கிக் கொள்ளும். முன்பு நன்றாக உலர்ந்திருந்த பலகையும் உருளையை விட்டு வெளிவரும்போது பச்சை மரத்தைப் போல் நனைந்தே வருகின்றது. மேற்பரப்பு ஓரிரு நாளில் உலர்ந்து விடுவதால், உள்ளிருக்கும் ஈரம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இம்மருந்துகளுள் நெடுங்காலம் உலகெங்கும் பயன்பட்டது செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புக்களைக் கலந்து செய்வதாகும். இதனை 1933 ஆம் ஆண்டில் இந்தியாவின் தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறிந்தவர் சொண்டி காமேசம் என்னும் இந்தியப் பொறியியலாளர். இம்மருந்து ஊட்டிய மரத்தில் பச்சை படர்ந்த சாயலைக் காணலாம். மரத்தினுள் சென்றவுடன் இது நிலைபெற்று விடுவதில்லை. மர நாரோடு பிணைந்து, மழையிற் கழுவப்படாத நிலையை அடைவதற்குப் பல நாட்கள் செல்லும். குளிர்ந்த காலமாயின் வாரக்கணக்காகும். அதற்கு முன்னர் அதனைக் கையாளுதலும் வெட்டுதலும் தீங்கு தருவனவாம்.

ஈர மரத்தால் நேரும் நட்டம்

முதலாவது நட்டம் பலகை சுருங்குவதால் வருவது. மரம் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதேயில்லை, அகலவாக்கிலேயே சுருங்கும். பைனஸ் பலகை ஈர நிலையிலிருந்து நமது பகுதியின் காற்றுக்கு ஏற்ற உலர் நிலைக்கு வரும்போது, அகலத்தில் நூற்றுக்கு 3 முதல் 4 வீதம் வரை குறையலாம். 6 அங்குல, அதாவது 150 மில்லிமீற்றர் அகலப் பலகையில் இது 4½ முதல் 6 மில்லிமீற்றர் ஆகும். 10 அடி அகலமான தளத்துக்கு இத்தகைய பலகைகள் 20 வேண்டும். இன்று இடைவெளியின்றி நெருக்கி அடித்த தளத்தில், மூன்று மாதத்தின் பின்னர் ஒவ்வொரு பலகைக்கும் இடையே ஒரு பிளவு காணப்படும்.

நெல்மணியின் அகலம் 2 அல்லது 3 மில்லிமீற்றரே. மூடையிலிருந்து சிந்தும் நெல் யாவும் அப்பிளவு வழியே கீழே விழும். கீழே விழும் நெல் எலியை அழைக்கும். சுண்டெலி நுழைவதற்கு 6 மில்லிமீற்றர் பிளவே போதும். நான்கு மாத உழைப்பிற் பெற்ற விளைவுக்குள் எலி செல்லும் பாதையை நாமே திறந்து வைத்தவர்களாகின்றோம்.

இரண்டாவது நட்டம் ஈரம் மேலெழுவதால் வருவது. ஒரு சிறு கணக்கைக் கேளுங்கள். 6 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிப்பும் 3 அடி நீளமும் கொண்ட பைனஸ் துண்டொன்று, மருந்தூட்டிய அன்று 3 கிலோ 400 கிராம் நிறுத்தது எனக் கொள்வோம். முற்றாக உலர்ந்த பின் அது 1 கிலோ 950 கிராம் நிற்கும். அத்துண்டு வெளிவிட்ட தண்ணீர் 1 கிலோ 450 கிராம். இதே கணக்கின்படி 10 அடி நீளப் பலகை ஒன்று ஏறக்குறைய 5 லீற்றர் தண்ணீரை வெளிவிடும்; 20 பலகை கொண்ட தளம் ஏறக்குறைய 100 லீற்றர் தண்ணீரை வெளிவிடும். பலகையை முன்னரே உலர்த்தினால் இந்த 100 லீற்றரும் வெளிக்காற்றிற் கலந்து போகும். உலர்த்தாது அடித்தால், அதில் ஒரு பங்கு மூடிய களஞ்சியத்துள் உங்கள் மூடைகளின் அடியில் எழும்.

நூற்றுக்கு 14 வீத ஈரமுள்ள நெல், தன்னைச் சூழ்ந்த காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 ஐ விஞ்சுமாயின் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கத் தொடங்கும். பின்னர் அடிமூடையில் பூஞ்சணம் படரும்; அந்து பெருகும்; அரிசி நிறம் மாறி மணக்கும்; விதைநெல் முளைதிறனை இழக்கும். மேலே இருக்கும் மூடைகளைப் பார்த்து எல்லாம் நன்றாக இருப்பதாக எண்ணிக் கொண்டிருப்போம். அடிமூடையைத் தூக்கும் நாளில்தான் உண்மை தெரியும்.

மூன்றாவது நட்டம் தளத்துக்கே வருவது. ஈரமான தீராந்தியின் மேல் பாரத்தை ஏற்றினால், அது அப்பாரத்தின் கீழ் வளைந்து, வளைந்தபடியே உலர்ந்து விடும். மூடையை இறக்கிய பின்னரும் நிமிராது. 50 கிலோகிராம் மூடைகள் 20 வைத்தால் 1,000 கிலோகிராம் ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள். மேலும், செம்பு கலந்த மருந்து ஈரமாயிருக்கும்போது வெறும் இரும்பாணியை அரிக்கும். பலகை சுருங்கும்போது ஆணியின் பிடியும் தளரும். பலகையின் ஓரம் மேலெழுந்து கோணும்.

எந்த மரத்துக்கு எந்த மருந்து?

மரத்தின் நடுவில் கருமையாயிருப்பது வைரம். அதனைச் சூழ்ந்து வெளிறியிருப்பது வெள்ளைப் பகுதி. மருந்தை உறிஞ்சுவது வெள்ளையே. வைரம் பெரும்பாலும் உறிஞ்சாது. பலாவின் வைரம் தானே உறுதியுடையது. அதற்கு மருந்து தேவையில்லை. ஆனால் பலாவின் வெள்ளைப் பகுதி உளுத்துப் போகும். ஆகவே பலாப் பலகை வாங்கும்போது வெள்ளை சேர்ந்த ஓரங்களை அரிந்து நீக்கச் சொல்லுங்கள். உங்கள் தோட்டத்தில் நிற்கும் பலாவாயினும், 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி பெற்ற பின்னரே அதனைத் தறித்தல் வேண்டும். இது பற்றி முதலில் கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

பைனஸ் மரம் கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிற் பெருமளவில் நடப்பட்டது. மருந்தூட்டாவிடில் இது விரைவில் உக்கும், ஆனால் மருந்தை நன்றாக உறிஞ்சும், நேராக உலரும். தளம் அமைக்க ஏற்ற மலிவான மரம் இது.

கடுகண்ணாவைக் கணவாய் வழியே இறங்கினால் கேகாலை மாவட்டத்தின் இறப்பர்த் தோட்டங்களை அடைகின்றோம். இறப்பர் மரம் தறித்த சில நாட்களுக்குள்ளேயே நீலக்கறை பிடிக்கும். உளுவுக்கும் இலகுவில் இரையாகும். அதற்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த போரன் மருந்து ஊட்டப்படுகின்றது. இம்மருந்து பூச்சிகளை நன்கு தடுக்கும். ஆனால் மழையிற் கழுவப்பட்டுப் போகும். ஆதலின் கூரையின் கீழ், நிலத்தைத் தொடாத பலகைகளுக்கு மட்டுமே இது ஏற்றது.

யூக்கலிப்டஸ் பலமான மரம், தீராந்திக்கு உதவும். ஆயின் அவசரப்பட்டு உலர்த்தினால் வெடிக்கும், முறுக்கும். அதனை நிழலில் மெதுவாகவே உலர்த்துதல் வேண்டும்.

நெல் தொடும் இடத்தில் ஆர்சனிக் கலந்த மருந்து ஊட்டிய மரம் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் வீட்டுப் பாவனைக்குரிய மரத்துக்கு இம்மருந்து ஊட்டுவதை 2003 ஆம் ஆண்டின் இறுதியோடு உற்பத்தியாளர் நிறுத்திக் கொண்டனர். அம்மருந்து ஊட்டிய மரம் உங்களிடம் இருக்குமாயின், நிலத்தோடு சேரும் தூணுக்கும் வெளிப்புறக் கட்டைக்கும் அதனைப் பயன்படுத்துங்கள். மேற்பலகைக்குப் பலா வைரமோ, நன்றாக உலர்ந்த போரன் மருந்திட்ட பலகையோ கொள்ளுங்கள். அப்பலகையின் மீதும் தளர்நெல்லைக் குவிக்காது, பாயை விரித்து மூடைகளாகவே வையுங்கள். எனவே மரம் வாங்கும்போது, “இதற்கு ஊட்டிய மருந்து எது? எந்நாளில் ஊட்டினீர்கள்?” என்னும் இரு கேள்விகளையும் கேட்டு, விடையைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அடுக்கும் முறை

போரன் கரைசலில் தோய்த்தெடுத்த பச்சைப் பலகைக்கு ஒரு தனிவிதி உண்டு. மருந்து மேலிருந்து உள்ளே ஊறிச் செல்வதற்கு அந்த ஈரமே வழியாகும். ஆகவே தோய்த்த பலகைகளை முதலில் இடைவெளியின்றி நெருக்கி அடுக்கிப் பொலிதீனால் மூடிவைப்பர். 1 அங்குலப் பலகைக்கு ஏறக்குறைய 4 வாரம் இவ்வாறு வைத்திருந்த பின்னரே காற்றுப்பட அடுக்குவர். அமுக்க உருளையில் மருந்தூட்டிய மரத்துக்கு இது வேண்டியதில்லை.

காற்றுப்பட அடுக்கும் முறை பின்வருமாறு:

1. இடம்: மேடான, தண்ணீர் தேங்காத இடத்தைத் தெரிந்து கொள்ளுங்கள். கிணறு, மரக்கறிப் பாத்தி, மாட்டுத்தொழுவம் ஆகியவற்றுக்கு அருகில் வேண்டாம். புதிதாக மருந்தூட்டிய மரத்திலிருந்து சொட்டும் நீர் அவற்றிற் சேரலாகாது. புல்லைச் செதுக்கி, நிலத்தை வெறுமையாக வையுங்கள்.

2. அடித்தளம்: சீமெந்துக் கற்களையோ கருங்கற்களையோ வரிசையாக வைத்து, அவற்றின்மேல் தடித்த குறுக்குக் கட்டைகளை இடுங்கள். முதலாவது பலகை நிலத்திலிருந்து 1 அடி முதல் 1½ அடி வரை உயர்ந்திருத்தல் வேண்டும். குறுக்குக் கட்டைகள் யாவும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பாருங்கள். அடித்தளம் கோணலானால் அதன்மேல் உலரும் பலகையும் கோணலாகவே உலரும்.

3. சிலாகைத் துண்டுகள்: ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே 1 அங்குலச் சதுரமான, உலர்ந்த சிலாகைத் துண்டுகளை வையுங்கள். பச்சைச் சிலாகை வைத்தால் பலகையிற் கறை பிடிக்கும். துண்டுக்குத் துண்டு 1½ அடி முதல் 2 அடி வரை இடைவெளி இருக்கட்டும். மேலடுக்குத் துண்டு கீழடுக்குத் துண்டுக்கு நேர்மேலாக அமைதல் வேண்டும். மாறி வைத்தால் பாரம் இடையில் இறங்கிப் பலகை வளையும். இரு நுனிகளிலும் தவறாது ஒவ்வொரு துண்டு வையுங்கள்.

4. பலகைகள்: ஒரே தடிப்புள்ளவற்றை ஒரே அடுக்கிற் சேருங்கள். பலகைக்குப் பலகை 1 அங்குலம் இடம் விடுங்கள். அடுக்கின் மொத்த அகலம் 4 அல்லது 5 அடியை மீறாதிருந்தால், நடுவிலும் காற்றோட்டம் இருக்கும். பலகையின் வெட்டுமுகங்களில் மெழுகையோ பழைய தீந்தையையோ பூசினால், நுனி வெடிப்பது குறையும்.

5. பாரம்: மேலடுக்கின்மீது, சிலாகைத் துண்டுகள் இருக்கும் வரிசையிலே கற்களை ஏற்றுங்கள். பாரமின்றி உலரும் மேற்பலகை முறுக்கிக் கொள்ளும்.

6. கூரை: சாய்வாகத் தகரமோ கிடுகோ இட்டு, எப்பக்கமும் 1 அடி வெளியே நீளச் செய்யுங்கள். பக்கங்களை மூடாதீர்கள். படங்கினாலோ பொலிதீனாலோ முழுவதும் சுற்றிக் கட்டினால், பகலில் வெளிவரும் ஈரம் இரவில் உட்புறத்திற் துளித்து மீண்டும் மரத்திலேயே விழும். வெயிலில் நேராகப் பரப்புவதும் தவறு. நெல்லைப் போலன்றி, மரம் ஒருபுறம் விரைவாக உலர்ந்தால் வெடிக்கும்.

எவ்வளவு காலம்? எப்பொழுது?

ஒழுங்காக அடுக்கிய 1 அங்குலப் பைனஸ் பலகை வரட்சிக் காலத்தில் இரண்டு முதல் மூன்று மாதங்களில் உலரும். 2 அங்குலத் தீராந்திக்கு ஐந்து, ஆறு மாதங்கள் செல்லும். பாரமான மரத்துக்கு இன்னும் கூடும். நமது ஈரவலயக் காற்றில் மரம் நூற்றுக்கு 14 முதல் 16 வீதம் வரை இறங்கி அவ்வளவில் நிற்கும். அதற்குமேல் அது இறங்க வேண்டியதுமில்லை. நூற்றுக்கு 20 வீதத்துக்கு மேல் ஈரம் தங்குமாயின், மருந்து ஏறாத பகுதியில் உக்கற் பங்கசு வளர இடமுண்டு.

நாட்களை எண்ணுவதைவிட நிறுத்துப் பார்ப்பது நம்பத்தக்கது. 3 அடி நீளத் துண்டொன்றை அடுக்கின் நடுவில், இழுத்தெடுக்கக்கூடியவாறு வையுங்கள். அடுக்கிய நாளிலும், பின்னர் வாரத்துக்கொரு தடவையும் அதனைத் தராசில் நிறுத்து, நிறையைச் சுவரிலோ கொப்பியிலோ குறித்து வாருங்கள். தொடக்கத்தில் நிறை விரைவாகக் குறையும். பிறகு மெதுவாகக் குறையும். இரண்டு வார இடைவெளியில் நிறுத்தும் மாறாதிருக்குமாயின், காற்று எடுக்கக்கூடிய ஈரத்தை எடுத்துவிட்டது என்று கொள்ளலாம். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானிகளும் இன்று விற்பனைக்கு உள்ளன. ஆயினும் உப்பு மருந்து ஊட்டிய மரத்தில் மின்சார ஈரமானி ஈரத்தை உள்ளதிலும் கூடுதலாகக் காட்டக்கூடும். தராசு அவ்வாறு ஏமாற்றாது.

காலத்தைப் பொறுத்தவரையில், இங்கே தை முதல் பங்குனி வரையுள்ள மாதங்களே உலர்த்தலுக்கு மிகவும் உகந்தவை. வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பெய்யும் இடைப்பருவ மழையின்போது மரம் ஏறக்குறைய உலர்வதேயில்லை; அம்மாதங்களைக் கணக்கிற் சேர்க்காதீர்கள். ஆகவே தடித்த தீராந்திகளை முதலாண்டின் ஆவணியிலேயே வாங்கி அடுக்குங்கள். மேற்பலகைகளைத் தைப்பொங்கலை அடுத்து வாங்குங்கள். சித்திரைப் புத்தாண்டை அண்டித் தளத்தை அமைத்தால், மழைக்கு முன்னர் வேலை முடிந்துவிடும். ஆவணி, புரட்டாதியில் வரும் சிறுபோக நெல்லுக்குத் தளம் ஆயத்தமாயிருக்கும்.

தளம் அமைக்கையில் கவனிக்க வேண்டியவை

உலர்ந்த பலகையும் நனைந்து கொண்டேயிருந்தால் பயனில்லை. இதற்குச் சான்று வெகு தொலைவில் இல்லை. அயலில் உடுநுவரையிலுள்ள எம்பெக்க தேவாலயத்தை நீங்கள் அறிவீர்கள். 14 ஆம் நூற்றாண்டில், கம்பளையிலிருந்து அரசாண்ட மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்தில், கதிர்காமக் கடவுளுக்கு எழுப்பப்பட்ட கோயில் அது. அங்குள்ள மரத்தூண்களின் சிற்பங்களைப் பார்க்க வருவோர் பலர். அடுத்தமுறை செல்லும்போது சிற்பத்தைப் பார்த்த கண்ணால் தூணின் அடியையும் பாருங்கள். தூண்கள் மண்ணில் ஊன்றப்படவில்லை. கல்லின் மேல் நிற்கின்றன. மண்டபத்தின் நிலம் சுற்றுப்புறத்திலும் உயர்ந்தது. பக்கங்கள் திறந்தவை, காற்று தடையின்றிச் செல்கின்றது. இறப்புத் தாழ்ந்து நீண்டு மழையைத் தடுக்கின்றது. கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்களை ‘மடொல் குருபாவ’ என்னும் ஒரே மர ஆப்பு சேர்த்துப் பிடிக்கின்றது. மரம் சுருங்கி அசையுமாயின் அத்தகைய பொருத்து நிலைப்பது அரிது. ஆலையில் ஊட்டும் மருந்து இல்லாத காலத்துத் தச்சர் மரத்தை ஈரத்திலிருந்து விலக்கி வைத்தே காத்தனர். கண்டிப் பகுதியின் பழைய ‘அட்டுவ’ என்னும் நெற்களஞ்சியமும் இவ்வாறே நிலத்தை விட்டு உயர்த்தியே கட்டப்பட்டது.

அம்முறையைப் பின்பற்றி நாமும் செய்யத்தக்கவை இவை. தூணின் அடியைக் கல்லிலோ கொங்கிறீற்றிலோ நிறுத்துங்கள். தளம் நிலத்திலிருந்து 3 அடியளவு உயர்ந்திருக்கட்டும்; கீழே காற்றும் உங்கள் பார்வையும் செல்லட்டும். தூண்களைச் சுற்றித் தகரக் கூம்பு பொருத்தினால் எலி ஏறாது. பலகையைச் சுவரோடு முட்ட அடிக்காமல் சுற்றிலும் ½ அங்குலம் விட்டு, அவ்விடத்தை ஒரு சிலாகையால் மறையுங்கள். மழைக்காலத்தில் பலகை சற்றுப் பருத்தாலும் அப்போது மேலெழாது. நாகம் பூசிய ஆணியையே பயன்படுத்துங்கள்.

கூடியவரை மரத்தை அளவுக்கு வெட்டிய பின்னரே மருந்தூட்டுவியுங்கள். மருந்து பெரும்பாலும் மரத்தின் வெளிப்புறத்திலேயே நிறைந்திருக்கும். பின்னர் வெட்டினால் மருந்தற்ற உட்புறம் கறையானுக்குத் திறந்து கிடக்கும். வெட்ட நேர்ந்தால், வெட்டிய முகத்தில் அதற்குரிய மருந்தைத் தூரிகையால் இரண்டு தடவை பூசுதல் அவசியம்.

மரக்கறிச் செய்கையாளருக்கு ஓர் எச்சரிக்கை

மருந்தூட்டிய மரத்தின் வெட்டுத்துண்டுகளை அடுப்பில் எரிக்காதீர்கள். ஆர்சனிக் மருந்திட்ட மரத்தின் புகையும் சாம்பலும் நஞ்சு. அச்சாம்பலைப் பசளையென்று பாத்தியில் இடுவது, நஞ்சை மண்ணிற் சேர்த்து மரக்கறி வழியே பிள்ளைகளின் கலத்துக்கு அனுப்புவதாகும். வாளால் அரியும்போது விழும் தூளைக் கூட்டிச் சேர்த்துப் பத்திரமாக அகற்றுங்கள்; மூடுபடையாகவோ மாட்டுக்குப் படுக்கையாகவோ இடாதீர்கள். அரிபவர் மூக்கையும் வாயையும் மறைத்துக் கையுறை அணிதல் வேண்டும். போரன் கரைசலையும் பாத்திப் பக்கம் ஊற்றலாகாது. போரன் பயிருக்கு மிகச் சிறிய அளவில் தேவையான ஊட்டம். மிகுந்தால் இலையோரம் கருகும். போஞ்சி அதனைத் தாங்காது.

நமதூர் புகையிரதப் பாதையூர். பழைய சிலிப்பர்க் கட்டைகளைப் பாத்தியோரத்துக்கும் களஞ்சியத் தூணுக்கும் பயன்படுத்த எண்ணுவோர் உண்டு. கிரியோசோற்று என்னும் தார் எண்ணெய் ஊட்டிய கட்டைகள் அதற்கு ஏற்றவையல்ல. அவற்றின் மணம் நெல்லிற் பற்றும். எண்ணெய் மண்ணில் ஊறும்.

நண்பர்களே, நான் கூறிய முறைக்கு வேண்டுவன சில சீமெந்துக் கற்கள், சில சிலாகைத் துண்டுகள், பழைய தகரம், ஒரு தராசு ஆகியனவே. பெரிய செலவு பொறுமை ஒன்றுதான். “லொறி வந்துவிட்டது, ஆசாரியாரும் வந்துவிட்டார், இன்றே முடித்துவிடுவோம்” என்று தோன்றுவது இயல்பே. ஆசாரியாரின் ஒருநாட் கூலியை மிச்சம் பிடிக்க எண்ணி, வருடந்தோறும் அடிமூடை நெல்லை இழப்பது கமக்காரருக்கு ஏற்ற கணக்காகாது.

இறுதியாக, நினைவிற் கொள்ள வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்கின்றேன்:

• மருந்தின் பெயரையும் ஊட்டிய நாளையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.
• நெல் தொடும் இடத்தில் ஆர்சனிக் மருந்திட்ட மரம் வேண்டாம்.
• நிலத்திலிருந்து உயர்த்தி, சிலாகை வைத்து, மேலே மூடி, பக்கங்களைத் திறந்து அடுக்குங்கள்.
• நிறை மாறாது நிற்கும்வரை வாரந்தோறும் நிறுத்துப் பாருங்கள்.
• வெட்டிய முகங்களுக்கு மீண்டும் மருந்து பூசுங்கள். நாகம் பூசிய ஆணியை அடியுங்கள்.
• வெட்டுத்துண்டுகளை எரிக்காதீர்கள்; சாம்பலைப் பாத்தியில் இடாதீர்கள்.

மரம் வாங்குவதற்கு முன்னர், உங்கள் களஞ்சியத்தின் அளவோடு கமநல சேவை நிலையத்துக்கு வந்து போதனாசிரியரோடு கலந்து பேசுங்கள். எத்தனை பலகை, எத்தனை தீராந்தி வேண்டும், எந்த மாதத்தில் அடுக்குவது என்பவற்றைச் சேர்ந்திருந்து கணக்கிடலாம். அடுத்த சிறுபோகத்தின் அடிமூடையும் மேல்மூடையைப் போல் உலர்ந்தே இருக்கட்டும்.